பழைய பத்திரிகையில் பாட்டன் பெயர்

1882-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் நாள் விடியற்காலையில், சிட்னி நகரத்தில் ஒரு பெரிய மாளிகை தீப்பற்றி எரிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நடைபெற்ற அனைத்துலகப் பொருட்காட்சிக்கென எழுப்பப்பெற்ற 'கார்டன் பாலஸ்' என்னும் அம்மாளிகையில் மரவேலை மிகுதி. சில மணி நேரத்திற்குள் அது சாம்பலாயிற்று. அரசாங்க அலுவலகங்கள் சில தம் தஸ்தாவேஜுகளை அங்கே வைத்திருந்தன. முந்திய ஆண்டில் எடுக்கப்பட்ட ஜனத்தொகைக் கணக்கின் ஏடுகளும் அவற்றுள் அடங்கும். தீ எவ்வாறு மூண்டது என்பது இன்றளவும் தெளிவாகவில்லை. தம் பாட்டனார் விலங்கு பூட்டிய கைதியாக வந்து இறங்கியவர் என்பதை மறைக்க விரும்பிய சீமான்கள் யாரோ வைத்த தீ அது என்று ஒரு வதந்தி உலவியது. வதந்திக்குச் சான்று இல்லை. எனினும் அப்படி ஒரு வதந்தி பிறப்பதற்கு அந்நாட்டில் இடம் இருந்தது. இன்று நாம் பேசப் புகும் பொருளுக்கு அதுவே வாயில்.

ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் குடியேற்றம் 1788 ஜனவரி 26-இல் சிட்னித் துறையில் தொடங்கியது. இங்கிலாந்துச் சிறைகளில் இடம் போதவில்லை; கைதிகளை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களோ விடுதலை பெற்றுத் தனி நாடாகிவிட்டன. ஆகவே உலகின் மறு கோடியில் ஓர் இடம் தேடினார்கள். அன்று தொடங்கி, 1868-இல் கடைசிக் கைதிக் கப்பல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில் துறைமுகத்தை அடையும் வரையில், ஏறத்தாழ 1,62,000 பேர் தீவாந்தர தண்டனை பெற்று அங்கே கொண்டு செல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் சிறு திருட்டுக் குற்றவாளிகள். தண்டனைக் காலம் தீர்ந்த பின்னர் பலர் அம்மண்ணிலேயே தங்கி, நிலம் உழுது, ஆடு வளர்த்து, கடை வைத்துக் குடும்பஸ்தர்களாயினர். பேரப்பிள்ளைகளின் காலத்தில் அந்தத் தொடக்கம் குடும்பத்திற்கு ஒரு களங்கமாகத் தோன்றலாயிற்று. "தாத்தா இந்த ஊருக்கு எப்படி வந்தார்?" என்று கேட்ட குழந்தைக்குக் "கப்பலில் வந்தார்" என்ற விடை கிடைத்தது. பொய் இல்லை; உண்மையும் அவ்வளவாக இல்லை.

ஆகவே அந்நாட்டில் ஒருவர் தம் முன்னோரைத் தேடப் புகும்போது, வீட்டிற் கேட்ட கதையை முழுதும் நம்ப முடிவதில்லை. அரசாங்க ஏடுகளும் ஓரளவே துணை செய்கின்றன. பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றை அரசாங்கமே பதிவு செய்யும் வழக்கம் டாஸ்மேனியாவில் 1838-இலும், விக்டோரியாவில் 1853-இலும், நியூ சவுத் வேல்ஸில் 1856-இலும்தான் ஏற்பட்டது. அதற்கு முன் மாதாகோயில் ஏடுகளே கதி. இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்வோர் 1841 முதலாகப் பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்த ஜனத்தொகைக் கணக்கை ஏணிப்படிபோல வைத்து ஏறிச்செல்லுகிறார்கள். ஆஸ்திரேலியர்க்கு அந்த ஏணி கிடையாது. நியூ சவுத் வேல்ஸில் 1828-இல் எடுத்த கணக்கு பெயர்களோடு நிலைத்திருக்கிறது. பிற்காலத்தில், எண்ணிக்கையைக் கூட்டிக் கண்ட பிறகு வீட்டுக்கு வீடு எழுதிய தாள்களை அழித்துவிடுவதே முறையாக இருந்தது. விரும்புவோர் தம் தாளை 99 ஆண்டுகள் காப்பில் வைக்கலாம் என்ற ஏற்பாடு 2001-இல்தான் வந்தது. இவ்வாறு தீயாலும் முறையாலும் ஏடுகள் அழிந்துபோன இடத்தில் எஞ்சி நிற்பது எது? வெளியான மறுநாளே மதிப்பிழந்து போகும் என்று யாவரும் எண்ணிய ஒரு பொருள்: பத்திரிகை.

அந்நாட்டின் முதற் பத்திரிகையாகிய 'சிட்னி கெசட்' 1803 மார்ச் 5-ஆம் நாள் வெளிவந்தது. அதனை அச்சிட்ட ஜார்ஜ் ஹவ் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளிற் பிறந்தவர். திருட்டுக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்று 1800-இல் சிட்னிக்கு வந்தவர். ஹோபார்ட் நகரத்தில் 1816 முதல் பத்திரிகை அச்சிட்ட ஆண்ட்ரூ பென்ட் என்பவரும் கைதியாக வந்தவரே. கவர்னரின் பார்வைக்கு உட்பட்டே ஹவ் பத்திரிகை நடத்த வேண்டியிருந்தது. காகிதம் கிடைப்பது அரிது, மை கிடைப்பது அரிது. சந்தாதாரரிடமிருந்து பணம் கிடைப்பது எல்லாவற்றிலும் அரிது. இந்த மூன்றாவது துன்பம் எந்த நாட்டுப் பத்திரிகைக்காரரும் அறிந்ததே! அவர் கையச்சில் இழுத்து எடுத்த நான்கு பக்கத் தாள்களில்தான் அக்காலத்து மக்களிற் பலர் தம் வாழ்நாளில் ஒரே முறை பெயர் சொல்லி அழைக்கப்பட்டனர்.

எப்பொருட்டு அழைக்கப்பட்டனர் என்பதைக் காண்போம். குடியேற்றத்தை விட்டுக் கப்பலேறிப் போக விரும்புவோர் தம் பெயரை முன்கூட்டிப் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும் என்று விதி இருந்தது. கடன்காரன் சொல்லாமல் ஓடிவிடக் கூடாது என்பதே விதியின் நோக்கம். கடன் கொடுத்தவர்க்காக அச்சிட்ட அவ்வறிவிப்பு, இன்று கொள்ளுப்பேரன் ஒருவனுக்குத் தன் முன்னோர் எந்த ஆண்டில், எந்தக் கப்பலில் ஊர் நீங்கினார் என்பதை உரைக்கிறது. பண்ணையை விட்டு ஓடிப்போன கைதிகளைப் பற்றிய அறிவிப்புகள் இதனினும் வளமானவை. பெயர், வயது, பிறந்த ஊர், தொழில், உயரம், கண்ணின் நிறம், தழும்பு, கையில் குத்திய பச்சை, வந்த கப்பல், எவரிடமிருந்து ஓடினான் என்பது, யாவும் அவற்றில் உண்டு. புகைப்படம் தோன்றாத காலத்து உழைப்பாளி ஒருவனுக்கு இதைவிட நல்ல உருவப்படம் கிடையாது. வந்த கப்பலின் பெயரை நாம் சிறப்பாகக் கருத வேண்டும். ஒரே பெயருடைய கைதிகள் பலர் இருந்தமையால், இன்ன கப்பலில் வந்த இன்னார் என்று கப்பலின் பெயரையும் சேர்த்தே அரசாங்கம் எழுதிற்று. நம் ஊர்களிற் பெயருக்கு முன் தகப்பனார் பெயரின் தலையெழுத்து நிற்பதுபோல, அவர்களுக்குக் கப்பலின் பெயர் ஆயுள் முழுதும் ஒட்டிக்கொண்டு நின்றது.

செல்வர் காசு கொடுத்துத் தம் பெயரை அச்சிட்டார்கள். ஏழையின் பெயரை அவனைப் பிடிக்க விரும்பியவர்கள் அச்சிட்டார்கள். கப்பல் செய்திகளிலும் இவ்வேற்றுமை உண்டு. மேல்தரப் பயணிகளின் பெயர்கள் வரிசையாக வரும். கீழ்த்தளத்தில் வந்த நூற்றுக்கணக்கானோர் 'இத்தனை பேர்' என்று ஓர் எண்ணில் அடங்கிவிடுவர். கப்பற்பட்டியலில் முன்னோரைக் காணாதவர் மனம் தளர வேண்டியதில்லை. அவர் அந்த எண்ணுக்குள் இருக்கலாம்.

பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிறப்பு அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். இன்ன நாளில், இன்ன ஊரில், திருவாளர் இன்னாரின் மனைவி ஓர் ஆண் மகவைப் பெற்றார் என்று அது முடிந்துவிடும். பெற்றவளின் பெயரும் இல்லை, பிறந்த குழந்தையின் பெயரும் இல்லை. காசு கொடுத்த தகப்பனின் பெயர் மட்டும் உண்டு. ஆனால் வேறொரு வகை அறிவிப்பு இருக்கிறது. மனைவியின் கடனுக்குக் கணவன் பொறுப்பு என்று சட்டம் இருந்த காலம் அது. ஆதலால் மனைவி பிரிந்துபோனால், "என் மனைவி இன்னாள் தக்க காரணமின்றி வீட்டை விட்டு நீங்கினாள், இனி அவளுக்குக் கடன் கொடுப்போர்க்கு நான் பொறுப்பல்லேன்" என்ற கருத்தில் கணவன் பத்திரிகையில் அறிவிப்பான். இங்கே அவளுடைய பெயர் முழுமையாக வந்துவிடுகிறது. அன்புள்ள கணவன் அச்சிடாத பெயரைக் கோபங்கொண்ட கணவன் அச்சிட்டான்! காரணமின்றிப் போனாள் என்பது கணவன் கட்சி. அடுத்த சில இதழ்களையும் புரட்டிப் பார்ப்பது நலம். அடியும் உதையும் தாங்காமலே வெளியேறினேன் என்று அவளும் காசு கொடுத்து அறிவித்திருப்பது உண்டு. ஒரு பக்கத்து வாதத்தை மட்டும் படித்துவிட்டு நம் பாட்டியைப் பற்றித் தீர்ப்பெழுதிவிடுதல் முறையன்று.

மரண அறிவிப்புகளுக்கு ஒரு தனி மொழி உண்டு. அதனைப் பழகிக்கொள்ள வேண்டும். "37-ஆம் ஆண்டில் காலமானார்" என்றால் வயது 36 நிறைந்தது என்று பொருள். நம் பாட்டிமார் 'முப்பத்தேழு நடக்கிறது' என்பார்களே, அதே கணக்கு. தேதிகளை 'இன்ஸ்டன்ட்', 'அல்டிமோ' என்னும் சொற்களின் குறுக்கத்தால் குறிப்பார்கள். முன்னது இம்மாதம், பின்னது சென்ற மாதம். மே மாதம் 3-ஆம் நாள் பத்திரிகையில் '28 அல்டிமோ' என்று இருந்தால் இறந்தது ஏப்ரல் 28-இல். தலைநகர்ப் பத்திரிகையில் வந்ததை நாட்டுப்புறத்துப் பத்திரிகை சில வாரம் கழித்து அப்படியே எடுத்து அச்சிடும்போது 'இம்மாதம்' என்ற சொல் மாறாமல் நின்று, நம்மை ஒரு மாதம் தள்ளிவிடுவதும் உண்டு. 'பழைய குடியேற்றவாசி, நாற்பது ஆண்டுகளாக இந்நாட்டில் வாழ்ந்தவர்' என்ற புகழுரையையும் ஐயத்தோடு படிக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எவ்வாறு வந்தார் என்பதை மரியாதையாக விழுங்கிவிடும் சொற்றொடர் அது.

இவை எல்லாவற்றிலும் அருமையானது, அறிவிப்பின் கடைசியில் வரும் ஒரு சிறு வாக்கியம். 'கார்க் நகரத்துப் பத்திரிகைகள் இதனை எடுத்துப் பிரசுரிக்குமாறு வேண்டுகிறோம்' என்று இருக்கும். சில இடங்களில் ஸ்காட்லாந்து, சில இடங்களில் அமெரிக்கா, சில இடங்களில் இந்தியப் பத்திரிகைகள். தந்தி இல்லாத நாளில், கடல் கடந்த ஊரிலிருக்கும் உறவினர்க்குச் சாவுச் செய்தி போய்ச் சேரும் வழி இது. கும்பினிப் படையில் சேர்ந்து சென்னையிலோ கல்கத்தாவிலோ இருந்த தமையனுக்குச் சிட்னியில் தங்கை இறந்த செய்தி இவ்வாறு எட்டியிருக்கக்கூடும். குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதை எந்த ஏடும் சொல்லாதபோது, இந்த ஒரு வரி ஊரின் திசையைக் காட்டிவிடுகிறது.

பத்திரிகையை அரசாங்க ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் விளையும் பயனுக்கு, புகழ்பெற்ற ஓர் அம்மையாரின் வரலாறே சான்று. ஆஸ்திரேலியாவின் இருபது டாலர் நோட்டில் காணப்படும் மேரி ரைபீ என்பவர் 1777-இல் லங்காஷயரில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோதே ஆண் வேடத்தில் ஜேம்ஸ் பர்ரோ என்ற பெயரோடு குதிரை திருடிய வழக்கில் அகப்பட்டு, ஏழாண்டு தண்டனை பெற்று, 1792-இல் சிட்னியில் வந்து இறங்கினார். 1794-இல் தாமஸ் ரைபீ என்னும் வணிகரை மணந்தார். 1811-இல் கணவர் இறந்தார். கூட்டாளியும் அவ்வாண்டிலேயே இறந்தார். ஏழு குழந்தைகளையும், கப்பல்களையும், கிடங்கையும் இந்த அம்மையாரே தாங்கி நடத்திப் பெருஞ் செல்வராயினர். 1820-இல் தம் பெண்மக்களோடு இங்கிலாந்து சென்று, தாம் பிறந்த ஊரையும் பார்த்து, மறு ஆண்டில் திரும்பினார். பிறகு 1828-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 'எவ்வாறு வந்தீர்?' என்ற கேள்விக்கு, '1821-இல் சுதந்திரமாக வந்தேன்' என்று பதிந்துகொண்டார்! அந்த ஏட்டை மட்டும் பார்ப்பவர் இவரை 1821-இல் வந்த ஒரு சீமாட்டி என்றே எண்ணுவார். அதற்குப் பத்தாண்டு முன்னரே 'சிட்னி கெசட்' விளம்பரப் பத்தியில் இவருடைய வியாபாரம் நடந்துகொண்டிருந்ததைக் காண்பவர் ஏமாற மாட்டார். அம்மையார் சொன்னதில் சூது இருந்தது என்றாலும் நம்மால் வெறுக்க இயலவில்லை. கடைசியாக வந்தது 1821-இல்தானே? அவமானத்தைச் சுமந்த ஒரு சமூகத்தில், கேள்விக்கு இப்படி விடை சொல்லக் கற்றுக்கொள்வதும் பிழைப்பின் ஒரு பகுதியாக இருந்தது.

பத்திரிகை அறிவிப்பு உண்மையைக் காட்டுவது போலவே பொய்யையும் வரவழைக்கும். காணாமற்போன உறவினரைத் தேடும் அறிவிப்புகள் அந்நாட்டுப் பத்திரிகைகளில் மிகுதி. தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட 1851-க்குப் பின்னர், எங்கெங்கிருந்தோ வந்து சுரங்கங்களில் மறைந்துபோன மக்களைத் தாய்மார்கள் தேடினார்கள். அவர்களுள் ஒருவர் டிச்போர்ன் சீமாட்டி. இவருடைய மகன் ரோஜர் பயணஞ்செய்த 'பெல்லா' என்னும் கப்பல் 1854-இல் ரியோ டி ஜெனிரோவிலிருந்து புறப்பட்டது, கரை சேரவில்லை. மகன் இறந்தான் என்று உலகம் கொண்டது, தாய் கொள்ளவில்லை. 1865-இல் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் அறிவிப்பு வெளியிடச் செய்தார். மகனின் பெயரும் அங்க அடையாளமும் கப்பலின் பெயரும் வெகுமதியும் அதில் இருந்தன.

விடை வந்தது. வாகா வாகா என்னும் சிற்றூரில் தாமஸ் காஸ்ட்ரோ என்ற பெயரோடு வாழ்ந்த ஒரு கசாப்புக் கடைக்காரர், தாமே ரோஜர் என்றார். ரோஜர் மெலிந்த உடலினர். பிரான்சில் வளர்ந்து பிரெஞ்சு மொழியே முதன்மையாகப் பேசியவர். கடைக்காரரோ பருத்த உடலினர், பிரெஞ்சு அறியாதவர். இருந்தும் 1867-இல் பாரிஸ் நகரத்தில் அவரைக் கண்ட தாய், 'இவனே என் மகன்' என்று ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டிலேயே அந்தத் தாய் மறைந்தார். குடும்பத்தின் சொத்துக்காக 1871-இல் தொடங்கிய சிவில் வழக்கு அடுத்த ஆண்டில் முறிந்தது. பின்னர் நடந்த குற்ற வழக்கு 188 நாள் விசாரிக்கப்பட்டது. அவர் லண்டன் வாப்பிங் பகுதியைச் சேர்ந்த ஆர்தர் ஆர்ட்டன் என்பவரே என்று கண்டு, பொய்ச் சத்தியத்திற்காக 1874-இல் பதினான்கு ஆண்டுத் தண்டனை விதித்தனர். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை அனுப்பிய காலம் முடிந்த பிறகு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒருவரை இங்கிலாந்துச் சிறை ஏற்றுக்கொண்டது.

குடும்ப வரலாறு தேடுவோர் யாவரும் இந்தத் தாயை நினைத்துப் பார்க்க வேண்டும். பெயர் ஒன்றே, ஊர் ஒன்றே, வயதும் ஏறக்குறைய ஒன்றே என்று ஓர் அறிவிப்பைக் கண்டதும், 'இவரே எங்கள் பாட்டனார்' என்று கட்டித் தழுவிக்கொள்ளும் ஆசை எல்லார்க்கும் உண்டு. கப்பல் பொருந்துகிறதா, தொழில் பொருந்துகிறதா, மனைவியின் பெயர் பொருந்துகிறதா என்று கேட்காமல் தழுவினால், வேறொருவர் குடும்பத்தை நம் வீட்டுச் சுவரில் மாட்டி வணங்கிக்கொண்டிருப்போம். நாமே ஒரு வாகா வாகாக் கடைக்காரரை உண்டாக்கிவிடுகிறோம். அவர் பாவம், கேட்கவும் இல்லை.

இவ்வளவும் வந்தேறியவர்களைப் பற்றியது. அம்மண்ணின் ஆதிகுடிகள் இப்பத்திரிகைகளில் எவ்வாறு காணப்படுகின்றனர்? பெரும்பாலும் பிறருடைய செய்திக்குள், வெள்ளையர் இட்ட ஒற்றைப் பெயரோடு, அல்லது பெயரே இன்றிக் காணப்படுகின்றனர். மாத்யூ பிளிண்டர்ஸ் என்னும் மாலுமியோடு கப்பலேறி ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்த பங்காரி என்பவர் 1830-இல் இறந்தபோது 'சிட்னி கெசட்' அச்செய்தியை வெளியிட்டது. அது அரிய விதிவிலக்கு. ஆதிகுடிக் குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து எடுத்துச் சென்ற கொடுமையை 1997-இல் வெளியான அரசாங்க விசாரணை அறிக்கை விரித்துரைத்தது. அவ்வாறு பிரிக்கப்பட்டவர்களுக்கும் தம் முன்னோரைத் தேடும் உரிமை உண்டு. ஆனால் காசு கொடுத்து அறிவித்த உறவினர் எவரும் அவர்களுக்காகப் பத்திரிகையில் இடம் பிடித்து வைக்கவில்லை. பத்திரிகையின் நினைவும் ஒரு சாராரின் நினைவே.

முன்னாளில் இப்பத்திரிகைகளைப் பார்க்க வேண்டுமானால் நூலகத்திற்குச் சென்று, பொடிந்து உதிரும் தாளைப் புரட்ட வேண்டும். அல்லது படச்சுருளைக் கருவியிற் சுழற்றிக் கண் நோக வேண்டும். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 2009-இல் தொடங்கிய 'ட்ரோவ்' என்னும் இணைய ஏற்பாட்டின் வழியாக, 1803 முதலான பத்திரிகைகளை எவரும் எங்கிருந்தும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அச்சுப்பக்கத்தைக் கணினி தானே எழுத்துக் கூட்டி வாசிக்கிறது. மை மங்கிய இடத்தில் ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாக வாசித்துவிடுவதால், தேடும் பெயர் அகப்படாமற் போவதுண்டு. அப்போது பெயரை விட்டு, தெருவின் பெயரையோ கப்பலின் பெயரையோ கொடுத்துத் தேடினால் அகப்படக்கூடும். பிழையாக வாசித்த வரிகளைத் திருத்தும் வேலையைப் பொதுமக்களே ஊதியமின்றிச் செய்கிறார்கள். திருத்திய வரிகள் பல கோடி. தம் பாட்டனைத் தேட வந்து, பக்கத்து வீட்டார் பாட்டனின் பெயரையும் திருத்திவிட்டுப் போகிறார்கள். களங்கம் என்று மறைத்த கைதிப் பரம்பரையைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் காலமும் வந்துவிட்டது. அக்கைதிகளின் ஆவணங்களை 2007-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது.

இன்னும் ஒரு வகை அறிவிப்பைச் சொல்லாமல் விட்டோம். சிட்னியின் முதல் போஸ்ட்மாஸ்டராக 1809-இல் நியமிக்கப்பட்டவர் ஐசக் நிக்கல்ஸ். இவரும் கைதியாக வந்தவரே. அதற்கு முன்னர் கப்பல் வந்ததும் கண்டவர்கள் ஏறி, 'அது என் கடிதம்' என்று பொய் சொல்லிப் பிறர் கடிதத்தை வாங்கிச் சென்றுவிடுவது வழக்கமாக இருந்தது. அதைத் தடுக்கவே இந்த நியமனம். அவர் தம் வீட்டிலேயே கடிதங்களை வைத்துக்கொண்டு, வந்து பெற்றுக்கொள்ளுமாறு உரியவர்களின் பெயர்களைப் பத்திரிகையில் வெளியிட்டார். வெறும் பெயர்கள், வேறு ஒரு சொல்லும் இல்லை. அப்பட்டியலில் ஒரு பெயர் இருக்குமானால், கடலுக்கு அப்பால் அவரை நினைத்து எழுதிய ஒருவர் இருந்தார் என்று அறிகிறோம். அதே பெயர் பிந்திய பட்டியலிலும் வருமானால், அவர் இன்னும் வந்து கேட்கவில்லை என்றும் அறிகிறோம். படிக்கத் தெரியாதவரோ, தொலைவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாரோ, கட்டணத்திற்குக் காசில்லையோ, உயிரோடு இல்லையோ, பட்டியல் அதைச் சொல்வதில்லை.